ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும் வண்டி

கார் எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடாத சாக்கு ஒன்று உண்டு. “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்பதுதான் அது. வாத்தியார் சொல்லலாம், டாக்டர் சொல்லலாம். பேங்க் மேனேஜர் சொன்னால் ஐயோ பாவம் என்றுகூடச் சொல்வார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, என் மகளின் அம்மா சிரிக்கவும் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஷெட்டுக்குப் பின்னால் சந்தில் நின்ற என் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. மறுபடி திருப்பினேன், டக்கும் வரவில்லை. பேட்டரி காலி. போன வாரமும் இதே கிழமை, இதே நேரம், இதே கதைதான். அப்போதாவது பேட்டரிக்கு நாலு வயது, அதன் காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது உள்ளே இருப்பது புதுசு. மாட்டி ஏழு நாள்தான் ஆகிறது.

நானும் மகளின் அம்மாவும் பிரிந்து மூன்று வருஷமாகிறது. மகளுக்குப் பதினாலு வயது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் போய் அழைத்துக்கொள்ளலாம், மாலை ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மீதி ஆறு நாளும் ஷெட்டு மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. தட்டு இரண்டாக வாங்கியிருக்கலாம். இரண்டாவது யாருக்கு என்று கடைக்காரன் கேட்கமாட்டான், நானே கேட்டுக்கொண்டேன், வாங்கவில்லை. நான் அழுமூஞ்சி இல்லை, ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க கிரீஸ் கையோடு திரிகிறேன்.

போன வாரம் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். இந்த வாரம் பக்கத்து ஷெட் டிங்கரை எழுப்பினேன். நசுங்கிய கதவையும் பம்பரையும் தட்டி நிமிர்த்துவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் அவனை நிமிர்த்துவதுதான் யாராலும் ஆகாத காரியம். ஒருவழியாக அவன் எழுந்து வந்து, அவனுடைய வேனிலிருந்து வயர் கொடுத்து என் வண்டியைக் கிளப்பினான். நான் அங்கே போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

கதவைத் திறந்தது மகளின் அம்மா. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்வதும் கிடையாது.

“ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் உங்க கை பட்டா ஓடுது. உங்க வண்டி மட்டும் ஞாயித்துக்கிழமையா பாத்துப் படுத்துக்குதா?”

பேட்டரி புதுசு, எதுவோ கரண்ட்டை இழுக்கிறது, இந்த வாரம் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன். என் காதுக்கே அது பொய் போலத்தான் கேட்டது. அவள் கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெரியும். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடுத்த வாரமும் இப்படின்னா மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கலாம். இதை நான் சொல்லல. அவளே கேக்கறா. காலைல ஏழு மணிலேர்ந்து டிரஸ் பண்ணிட்டு உக்காந்திருக்க முடியலையாம்.”

அவளே கேக்கறா. வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போதே அவளிடமும் பேட்டரிக் கதையை ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

“நீங்க கிளம்பவே இல்லப்பா. கிளம்பி வழியில நின்னிருந்தா பரவாயில்ல. நீங்க கிளம்பவே இல்ல.”

நான் கிளம்பாதது இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். பழியை யார் தலையிலாவது இறக்கி வைத்தால் மனசுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் அதைத் தாண்டிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். இதற்கு முந்தி வண்டியில் வந்தபோதும் தூக்கம் வருகிறது, படுத்துக்கொள்கிறேன் என்று பாதி வழியில் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து முன்சீட்டுக்குச் சண்டை போட்டவள். அன்று முழுக்க நான் டாக்ஸி டிரைவர் மாதிரி கண்ணாடியில் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இந்த வயதில் பிள்ளைகள் அப்பாவிடமிருந்து விலகத்தான் செய்யும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன், எடுபடவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டைத் திறந்ததும் வாடிக்கை வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு என் வண்டியை உள்ளே விட்டேன். நிறுத்திவைத்த கார் முழுசாகச் சும்மா இருப்பதில்லை. பூட்டிய அரைமணி நேரத்தில் அதிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எல்லாம் தூங்கிய பிறகு பூட்டுக்கும் கடிகாரத்துக்கும் வேண்டிய துளி கரண்ட் மட்டும்தான் பேட்டரியிலிருந்து போக வேண்டும். நாற்பது, ஐம்பது மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் எதுவோ விழித்திருந்து குடிக்கிறது என்று அர்த்தம். காலையில் பேட்டரி காலி.

குடிப்பது யார் என்று பிடிக்க ஒரு முறை இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்ட வேண்டும். பானெட் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியாயிற்று என்று வண்டியை ஏமாற்ற வேண்டும். பிறகு அரைமணி நேரம் கதவைத் தொடாமல், சாவியைத் தொடாமல், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இது வராது. எனக்கு நன்றாக வரும், மூன்று வருஷப் பழக்கம். எண் அதிகமாக நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த லைனில் ஆள் இருக்கிறான்.

அரைமணி கழித்துப் பார்த்தேன். முப்பத்தாறு மில்லி ஆம்பியர். புத்தம்புது வண்டியில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. பிடுங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி பார்த்தேன், முப்பத்தைந்து. வியாழக்கிழமை, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கழற்றி அதன் டயோடுகளைச் சோதித்தேன், எல்லாம் உயிரோடு இருந்தன. பேட்டரியைக் கடைக்காரனிடம் கொண்டுபோய் லோடு கொடுத்துப் பார்த்தேன், நல்லாயிருக்கு என்று பல்லைக் காட்டினான். ஆனாலும் காலையில் செல்ஃப் அடிக்கும்போது வண்டி மூச்சு வாங்கியது. வாடிக்கைக்காரன் எவனாவது இப்படி வந்து நின்றிருந்தால், சார், நீங்கள் ராத்திரி லைட்டை அணைக்க மறந்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அப்படிச் சொல்லி அனுப்பிய ஆட்களின் முகமெல்லாம் இப்போது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது டிங்கர் யோசனை சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போய்விடுங்கள், ஞாயிறு காலையில் மாட்டிக்கொள்ளுங்கள். நடக்கக்கூடிய யோசனைதான், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டேன். ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் அவளை ஏற்றிக்கொண்டு போய், எங்கேயாவது நடுவழியில் வண்டி படுத்துவிட்டால்? மாசத்துக்கு ஒரு தடவை என்பதும் போய்விடும். மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிற அப்பா கொஞ்ச நாளில் மாமா மாதிரி ஆகிவிடுவான். வருவான், பரிசு கொடுப்பான், எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்பான். அந்த ஆளாக நான் ஆகிவிடுவேனோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டிங்கர் இன்னொன்றும் சொன்னான்.

“அண்ணே, ஓடறப்ப வர்ற சத்தம் நிக்கறப்ப வராது. நான் கதவைத் தட்டித் தட்டிப் பாப்பேன், கம்முனு இருக்கும். ஓட்டிட்டு வந்தா கடகடங்கும். நீங்க ஓடிட்டு வந்த சூட்டோட, எதையும் கழட்டாம பாருங்களேன்.”

தகரம் தட்டுகிறவனுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் முதலில் எண்ணினேன். மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிட்டேன். எதையும் கழட்டாம. ஒவ்வொரு தடவையும் நான் முதல் வேலையாக டெர்மினலைக் கழற்றியிருக்கிறேன். கழற்றினால் வண்டிக்கு மொத்தமாகக் கரண்ட் போய்விடுகிறது. விழித்திருக்கிற ஆள் அந்த நிமிஷமே செத்தவன் மாதிரி படுத்துக்கொண்டால்? படுத்துக்கிடக்கிறவனைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீடு சுத்தம் என்று எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு வேலைக்கு வெளியே போய்விட்டு வந்து, வண்டியை நிறுத்தி, பூட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்தேன். என்னிடம் கிளாம்ப் மீட்டர் ஒன்று உண்டு. எதையும் கழற்றாமல் வயரைச் சுற்றிக் கவ்வி, உள்ளே ஓடும் கரண்ட்டைச் சொல்லும். வாங்கி வைத்ததோடு சரி, பழைய முறைதான் எனக்குப் பெருமை. அதைப் பேட்டரி வயரில் கவ்வவிட்டேன்.

ஒன்று புள்ளி ஒன்பது ஆம்பியர்.

மில்லி இல்லை, முழு ஆம்பியர். சந்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று, ஒரு குதி குதித்தேன். கணக்கும் சரியாக வந்தது. வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு நிறுத்தி ஆறு மணிக்கு எடுக்கிறேன், அதைப் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் இரண்டு மணியிலிருந்து மறுநாள் காலை வரை பதினேழு மணி நேரம் நிற்கிறது, அதை எந்தப் பேட்டரி தாங்கும்? ஃபியூஸ்களைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, கடைசி வரைக்கும். எண் அசையவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்கே போகாத ஒரு லைன். பாசிட்டிவ் டெர்மினலில் குனிந்து பார்த்தேன். செல்ஃபுக்குப் போகும் தடி வயர், ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் தடி வயர், இரண்டுக்கும் அடியில் மெல்லிசாகச் சிவப்பு வயர் ஒன்று. கம்பெனி போட்டதில்லை. நான் போட்டது.

ஆறு வருஷத்துக்கு முந்திய வேலை. அப்போது மகளுக்கு இளைப்பு அதிகம். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடும் மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. தூர வழி போகும்போது இழுப்பு வந்தால் என்ன செய்வது என்று, பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன இன்வெர்ட்டரை வைத்து, பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுத்திருந்தேன். பேட்டரி ரொம்ப இறங்கினால் தானாகக் கட் ஆகிற மாதிரி ஒரு சர்க்யூட்டும் நானே கட்டினேன். குழந்தை மூச்சு வாங்கும்போது பாதியில் நின்றுவிடக்கூடாது என்று, கடைசிச் சொட்டு வரை குடிக்கும்படி அதைத் தாழ்வாக வைத்தேன். ஒரு தடவை கட் ஆனால் வண்டி ஓடிச் சார்ஜ் ஏறிய பிறகுதான் மறுபடி உயிர் பெறும். டெர்மினலைக் கழற்றினால் அது கட் ஆகிவிடும், நான் அளக்கும்போது சுத்தமாக இருக்கும், அடுத்த சவாரியில் எழுந்துகொள்ளும். ஊரார் வயரிங்கையெல்லாம் சந்தேகப்படுகிறவன் என் கையால் போட்டதை மறந்தே போயிருந்தேன். அவளுக்கும் இளைப்பு நின்று வருஷங்களாகிவிட்டன. அந்த இன்வெர்ட்டர் அங்கே இருப்பது உலகத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பின்சீட்டைத் தூக்கினேன். வருஷக்கணக்காக அணைத்தே கிடந்த இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சார்ஜர், சார்ஜரிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் பூனைப் படம் போட்ட பழைய காலுறை. காலுறைக்குள் ஒரு ஃபோன். என்னுடைய பழைய ஃபோன்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாட்டுக் கேட்க என்று அவளுக்குக் கொடுத்தது, சார்ஜரும் காலுறையுமாக எப்போதும் அவள் பையில் கிடக்கும். தொட்டதும் திரை வெளிச்சமாகி ஒரு வரைபடம் தெரிந்தது. எங்கள் தெரு, எங்கள் சந்து, சந்தில் ஒரு நீலப் புள்ளி. இந்த இடத்தை ஒருவர் பார்க்கலாம் என்று கீழே ஒரு வரி. அந்த ஒருவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நான் அவளைக் கூப்பிடுகிற ‘பாப்பா’வையே போட்டு வைத்திருந்தாள். நேரில் அப்படிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் கோபம் வரும் அவளுக்கு.

முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. அவள் அம்மா சொல்லிச் செய்த வேலை, என்னை வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நாக்கில் நாலு வார்த்தை தயாராகிவிட்டது. அப்புறம்தான் மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு ஞாபகம் வந்தது. அன்று என் கையில் கட்டு. ஜாக்கி நழுவி, கை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஷெட்டில் தனியாகக் கத்திக்கொண்டிருந்ததை அவளுக்கு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு யாருப்பா சொல்லுவாங்க?” என்று கேட்டாள். பேப்பரில் போடுவார்கள் என்று சொல்லி நானே சிரித்தேன். அதற்குப் பிறகுதான் தூக்கம் வருகிறது என்று பின்சீட்டுக்குப் போனாள்.

சீட்டைத் தூக்கியபடியே சந்தில் நின்றேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவள் ஒரு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அந்தப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புள்ளி நகரவில்லை. அப்பா கிளம்பவே இல்லை. நான் வருவதைப் பார்ப்பதற்காக அவள் வைத்த பொருள்தான் என்னை வரவிடாமல் செய்திருக்கிறது.

இன்னொன்றும் உறைத்தது, இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு வருஷமாகப் புதன்கிழமை சாயங்காலங்களில் அவள் தெருமுனை மருந்துக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டியூஷன் முடிந்து அவள் நடந்து வருவாள், கேட்டைத் திறந்து உள்ளே போவாள். இரண்டு நிமிஷம். பேச உரிமை கிடையாது, பார்க்க யாரும் தடை போடவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன மூன்று புதன்கிழமையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் இந்த வாரம் கேட்டுக்கு வெளியே குனிந்து, செருப்பு வாரை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கையில் எனக்கு அத்தாட்சி இருந்தது. ஃபோனை நேராகக் கொண்டுபோய் அவள் அம்மா முன்னால் வைத்து, பார், நான் பொய் சொல்லவில்லை, உன் மகளைக் கேள் என்று சொல்லலாம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நியாயம் முழுசாக என் பக்கம் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. ஏழு மணியிலிருந்து டிரஸ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு காலையும் தானே தனக்கு வரவழைத்துக்கொண்டவை என்று மகள் தெரிந்துகொள்வாள். பதினாலு வயதில் அது எதற்கு அவளுக்கு? எனக்கு நாற்பத்தேழு. திட்டு வாங்கிப் பழகிய உடம்பு.

அன்று சாயங்காலம் வரை வேலை செய்தேன். இன்வெர்ட்டரின் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த குடிகாரனை எடுத்துப் போட்டேன். அதே பெட்டிக்குள், ஃபோனுக்கு வேண்டிய அளவு மட்டும் கொடுக்கிற ஒரு சின்ன கன்வெர்ட்டர். அதற்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி, வண்டி ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஆகும், நின்றால் பெரிய பேட்டரியோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பச்சை விளக்கை அப்படியே எரிய விட்டேன். காலுறையைப் பூனை முகம் மேலே தெரிய, இருந்த மாதிரியே வைத்தேன். சுற்றி ஓட்டிவிட்டு வந்து கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டபோது முப்பத்தைந்து மில்லி.

மறுநாள் முதல் திருப்பிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் கதவைத் தட்டினேன். அவள் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மகள் உள்ளே தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கடைசியில என்னதான் கோளாறு?”

“என் தப்புதான். முன்னாடி நான் இழுத்த ஒரு லைன். ஒழுங்கா வேலை செய்யல. அதான் குடிச்சிருக்கு.”

“நீங்க போட்ட வயரா?”

“நான் போட்டதுதான்.”

என்னோடு குடும்பம் நடத்திய அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். சரி, ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த மகளின் கை நின்றுபோயிருந்ததை நான் பார்த்தேன்.

மகள் பின்சீட்டில்தான் ஏறினாள். இரண்டு தெரு தாண்டினோம். கண்ணாடியில் அவள் தலை கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. கை சீட்டுக்கு அடியில் போகிறது என்று தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

“எந்த லைன்பா?”

பானெட்டுக்குள் ஒன்று என்றேன். சிக்னலில் நின்றோம்.

“பின்சீட்டுக்குக் கீழ வர்றதா?” நான் பதில் சொல்வதற்குள் அவளே அடுத்ததையும் கேட்டுவிட்டாள். “என்னாலயா?”

என் தொழிலில் எனக்கு ஒரு திமிர் உண்டு. விலையில் பொய் சொல்லியிருப்பேன், நேரத்தில் சொல்லியிருப்பேன், நாளைக்கு வாங்க என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். மீட்டர் காட்டிய எண்ணை இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் மாற்றிச் சொன்னது கிடையாது.

“அந்த ஃபோனா? அது குடிக்கறது ஒண்ணுமே இல்லம்மா. அது மாதிரி நூறு வச்சாலும் பேட்டரிக்குத் தெரியாது.”

“நிஜமா?”

“நிஜமா.”

அவள் அழுதாள். சத்தம் போடாமல், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்த பிறகுதான் சிக்னல் விழுந்ததைக் கவனித்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி, முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். ஃபோனை எடுத்துவிடட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் நாள் முழுக்க ரேடியோவை அவள்தான் மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்க விடவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கேட்டருகே இறக்கிவிட்டேன். பையை மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தவள், திரும்பி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“புதன்கிழமை இன்னும் ரெண்டு வீடு தள்ளி நிறுத்துங்கப்பா. மருந்துக்கடைகிட்டேர்ந்து பாத்தா என் ஜன்னல் தெரியாது.”

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.